உருக்கும் முன் திருகாணியைப் பாருங்கள்

பழைய துப்பாக்கி ஒன்றைக் கண்டால் நம்ம ஊரில் இரண்டே கேள்விதான். சுடுமா? என்ன விலை போகும்? எனக்கு இரண்டும் வேண்டாம். நான் திண்டுக்கல் நாகல்நகரில் பூட்டுப் பட்டறையில் காலம் தள்ளியவன். இப்போது சாணார்பட்டியில் மகன் வீட்டோடு இருக்கிறேன். எந்த இரும்பைக் கையில் கொடுத்தாலும் என் கண் முதலில் திருகாணிக்குத்தான் போகும். அதன் தலையில் வெட்டிய கோடு, அரம் போன தடம், வில்லின் வளைவு இவற்றைப் பார்த்தால் செய்தவன் யார், பிறகு கைவைத்தவன் யார் என்பது பாதி தெரிந்துவிடும்.

போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலும் கோர்ட்டுகளின் வழக்குச் சொத்து அறைகளிலும் கிடக்கிற பழைய துப்பாக்கிகள் ஒருநாள் அழிக்கப்படுகின்றன. அழிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆள் கொல்லும் கருவியை மூட்டை கட்டிப் பத்திரப்படுத்திக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் உலைக்குப் போகுமுன் விஷயம் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

பார்த்தால் என்ன தெரியும்? நத்தம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பழைய குடும்பத்தில், ஆயுத பூசையன்று வேல், அரிவாளோடு ஒரு கைத்துப்பாக்கியையும் வைத்துக் கும்பிடுவார்கள். குழல் முழுக்கச் சந்தனம், திருகாணி வெட்டில் குங்குமம் இறுகிக் கிடக்கிறது. “அண்ணே, இது கட்டபொம்மன் காலத்துது” என்றார் வீட்டுக்காரர். வாங்கிப் பார்த்தேன். அடித்தால் வெடிக்கும் சின்ன உலோகக் குப்பியான கேப்பை வைத்துச் சுடுகிற ரகம். கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799ல் இந்த ரகமே கிடையாது.

அதோடு விட்டிருந்தால் அவர் சொன்னது வெறும் கதை என்றாகியிருக்கும். பக்கவாட்டுத் தகட்டைத் துணியால் துடைத்தபோது மூன்று இடத்தில் வட்டமாக வேறு நிற இரும்பு தெரிந்தது. துளையை அடைத்து அரம் போட்டுச் சமமாக்கியிருக்கிறார்கள். அங்கேதான் ஒரு காலத்தில் மருந்து வைக்கும் கிண்ணியும் அதன் வில்லும் இருந்திருக்கின்றன. அதாவது இது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியாகப் பிறந்தது. குதிரை எனும் சுத்தியலின் வாயில் கல்லைக் கவ்வவைத்து, அது எஃகுத் தகட்டில் உரசி விழும் பொறியில் மருந்து பற்றுகிற பழைய முறை. மழை வந்தால் மருந்து நனைந்து போகும். 1840 வாக்கில் பிரிட்டிஷ் படைகள் கேப்புக்கு மாறியபோது, பழையதைத் தூக்கியெறிய மனமில்லாமல் கிண்ணியைக் கழற்றி, குழலின் பக்கவாட்டில் கேப்பு மாட்டும் முளை அடித்து, குதிரையையும் மாற்றினார்கள். அப்படி மாற்றியவை ஏராளம்.

தகட்டின் வாலருகே குங்குமத்துக்கு அடியில் ஒரு சிங்கம். பின்னங்காலில் நிற்கிறது, முன்னங்காலில் கிரீடம். கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வாக்கில் எடுத்துக்கொண்ட முத்திரை இது. அதற்கு முன் இதயம் போன்ற ஒரு வடிவத்தை நாலாகப் பிரித்து நாலு ஆங்கில எழுத்துகளைப் பொறிப்பார்கள். ஆக, கட்டபொம்மனை குறைந்தது ஒன்பது வருஷத்தில் தவறவிட்டது இந்தத் துப்பாக்கி. வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ திருகாணிகளைப் பார்த்ததில் ஏக சந்தோஷம். ஒவ்வொன்றின் தண்டிலும் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு போட்டிருந்தது. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று மாறிவிடாமலிருக்க இங்கிலாந்தில் எவனோ போட்ட அடையாளம். சாவி ஜோடி மாறாமலிருக்க நாங்களும் பட்டறையில் இதையேதான் செய்தோம்.

இப்படிச் சின்ன மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. கம்பெனிக்காக உருவாகி, பிறகு பிரிட்டிஷ் ராணுவமே 1790களில் எடுத்துக்கொண்ட ‘இந்தியா பேட்டர்ன்’ நீளத் துப்பாக்கியைப் பாருங்கள். அதன் குதிரை முதலில் அன்னத்தின் கழுத்தாக மெலிந்து வளைந்திருந்தது. பார்க்க அழகு, அடி தாங்காது, ஒடியும். 1809 முதல் கழுத்தை அகலமாக்கி நடுவில் ஒரு துளை மட்டும் விட்டார்கள். அந்தத் துளை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே வருஷத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஆனால் குதிரையைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம், அதனால் தகட்டையும் குழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813ல்தான் சட்டப்படி வந்தது. அதன் முத்திரை உள்ள குழலை விற்பவர் திப்பு சுல்தான் காலத்தது என்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

திப்பு என்றதும் நம்ம ஊர்க் கதை வந்துவிடுகிறது. அவருடைய தகப்பனார் ஹைதர் அலி 1755ல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக, அதாவது படை ஆளுநராக வந்து, பிரெஞ்சுக்காரர்கள் துணையோடு இங்கேதான் ஆயுதப் பட்டறை போட்டார். மைசூர்ப் படையின் நவீனத் தளவாட வேலைக்கு முதல் படி நம்ம மலைக்கோட்டை அடிவாரம். 1790ல் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது, 1792 உடன்படிக்கையில் ஊரே போனது. மலைக்கோட்டைக்குச் செல்ஃபி எடுக்கப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

திப்புவின் துப்பாக்கிகளில் புலிவரி, குதிரையில் புலித்தலை என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அடையாளங்கள் உண்டு. போலி செய்கிறவனுக்கும் அவை தெரியும். அவன் சறுக்குவது ஆண்டில். திப்பு நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டைப் பயன்படுத்தினார். 1222 என்று பொறித்திருந்தால் அது 1793-94. ஹிஜிரி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 1807 வரும். திப்பு மாண்டு எட்டு வருஷம் ஆன பிறகு! அந்தக் கணக்குத் தெரியாதவர் அசலையே போலி என்று ஒதுக்கிவிடுவார். ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றி மட்டுமே 1992ல் ஒரு புத்தகம் போட்டார். 1793-94ல் அசத் கான் முகம்மது என்ற கைவினைஞர் திப்புவுக்காகச் செய்த வேட்டைத் துப்பாக்கி, 20 லட்சம் பவுண்டு மதிப்புள்ளது, நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று 2023ல் பிரிட்டன் அரசு ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. கொண்டுபோனவர்களே காவல் இருக்கிறார்கள்.

நாம் செய்தது என்ன? தஞ்சை மராத்திய அரசு 1855ல் முடிந்தது. அரண்மனையில் குவிந்து கிடந்த ஆயுதங்களில் நல்லவற்றை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டது அன்றைய அரசாங்கம். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்ஹவுஸ் 1878ல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் இதை எழுதிவைத்தார். அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிடலாம். இன்று அந்தப் பொறுக்குகிற வேலையாவது நடக்க வேண்டாமா? 

பெரிய செலவில்லை. அழிக்கும் பட்டியலில் உள்ள வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளை மட்டும் தனியே வைத்து, தகடு, குழலின் மேல்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் படமெடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால் போதும். தேறுவதை எடுத்துக்கொள்ளட்டும். மற்றவை உலைக்குப் போகட்டும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வேறு பயம். போலீஸ் வருமோ என்று இரவோடு இரவாகக் கிணற்றில் போட்டவர்களை எனக்குத் தெரியும். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. சுட முடியுமா முடியாதா என்பதை நீங்களே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம், அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். நூறு வருஷம் தாண்டியதை வெளிநாட்டுக்கு விற்க 1972 தொல்பொருள் சட்டம் விடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

குழலுக்குள் பாட்டன் கெட்டித்த மருந்து இன்னும் இருக்கக்கூடும். வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள், விசையைத் தொடாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். தேய்த்தால் முதலில் போவது அந்தச் சிங்கமும் வருஷமும்தான்.