ஐம்பதுக்குப் பிறகு கூட்டு எதற்கு?



விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தொழில் தெரியும். பி.எஃப். பணம் இருக்கிறது. நாலு பேரைத் தெரியும். இதற்கு மேலும் கூட்டாளி என்று ஒருவர் வேண்டுமா?"

'தனியாக இறங்காதே' என்ற அறிவுரையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க முதலீட்டாளர் பால் கிரஹாம். புதுத் தொழில்களைச் சாய்க்கும் 18 தவறுகளை 2006-ல் பட்டியலிட்டபோது, ஒற்றை ஆளாகத் தொடங்குவதைத்தான் முதலில் வைத்தார். அவர் பணம் போட்டது பெரும்பாலும் இளைஞர்களை நம்பி. இருபத்தைந்து வயதில் அனுபவமும் குறைவு, துணிச்சலும் நாளுக்கு நாள் மாறும்; தோள் கொடுக்க ஒருவர் வேண்டும்தான்.

முப்பது வருஷம் ஆலையையோ வங்கிக் கிளையையோ நடத்தியவரின் குறை வேறு. கணக்கு எழுத ஒருவர், பாக்கி வசூலிக்க ஒருவர் என்று ஆட்கள் சூழ இருந்து பழகியவர் அவர். இப்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் முதல் வாட்ஸ்அப் ஆர்டர் வரை எல்லாம் அவர் தலையில். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. "சார் சொன்னா சரி" என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, "இது வேண்டாம் சார்" என்று சொல்ல ஆள் இருக்காது.

மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். திறமைக்கும் பெயருக்கும் குறைவில்லை. ஆனாலும் தனியாக இறங்கவில்லை. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் சிகிச்சையில் தோள் கொடுத்தார்கள். கட்டடமும் கணக்கும் தம்பி சீனிவாசன் பொறுப்பு. மருத்துவமனையை நடத்துவது அறக்கட்டளைதான், ஆனால் கட்டணம் கொடுப்பவர்களின் வருமானத்தில் இலவச சிகிச்சையையும் நடத்திக் காட்டிய கணக்கு எந்த வியாபாரிக்கும் பாடம்.

ஐம்பதை நெருங்கும் வயதில் முதலீட்டு வங்கி வேலையை விட்டு 2012-ல் நைகா அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய பால்குனி நாயருக்கும் மகள் அத்வைதா துணை நின்றார். 52 வயதில் மெக்டொனால்ட்ஸைக் கையில் எடுத்த ரே கிராக் வேறு வழி பிடித்தார். அவருக்கு விற்கத் தெரியும். நிலமும் நிதியும் தெரிந்த ஹாரி சோன்போர்னைச் சேர்த்துக்கொண்டு பங்கும் கொடுத்தார். நிறுவனர் பட்டம் கொடுக்கவில்லை.

ஆக, இந்த வயதில் கூட்டாளியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். பண விஷயத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று நீங்கள் வருஷக்கணக்கில் பார்த்த ஒருவர் இருந்தால், அவர்தான் கூட்டாளி. அப்படி ஒருவர் இல்லையா? தெரியாத வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். நிலைத்து நிற்பவருக்குப் பிறகு பங்கு கொடுங்கள். மாதம் ஒரு முறை கணக்கைப் பார்த்து முகத்துக்கு நேரே பேசும் ஆடிட்டரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டு என்று முடிவானால் சட்டத்தை மறக்காதீர்கள். 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, பங்குதாரர் கடையின் பெயரில் வாங்கிய கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்ல வேண்டி வரலாம். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ஓய்வுக்காலப் பணத்தைப் போடுபவர்கள் எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) முறையை யோசிக்கலாம். அதில் பொறுப்பு பொதுவாக நீங்கள் போட்ட பணத்தோடு நின்றுவிடும்.

தனியாகத்தான் செய்வேன் என்பவர்களுக்கு 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் ஒருநபர் கம்பெனிக்கு வழி விட்டிருக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: உங்களுக்கு ஏதாவது ஆனால் கம்பெனியை ஏற்க, இன்னொருவரை அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு நியமித்தாக வேண்டும். பல வீடுகளில் மனைவியோ மகனோ விவரம் தெரியாமலே அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவரை உட்கார வைத்து, எவ்வளவு போடுகிறீர்கள், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், கடை திறப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்