யந்திரத்தின் வாக்கு

கணிப்பொறி ஒரு விடையைத் தந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் இல்லை என்றும், தசம ஸ்தானங்கள் எவ்வளவு நீளுகின்றனவோ அவ்வளவுக்கு அவ்விடை சத்தியமானது என்றும் ஒரு நம்பிக்கை, படித்தவர்களிடையே, அதிலும் கடற்கட்டுமானங்களை வகுக்கும் நிபுணர்களிடையே கூட, வேத வாக்கியம்போல் நிலைத்துவிட்டது. அது வெறும் பிரமை என்பதே என் கட்சி.

1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, நார்வே நாட்டின் ஸ்தவாங்கர் நகரை அடுத்த கடற்கழியில், வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலுக்கென எழுப்பிய ராட்சதக் கான்கிரீட் அடித்தளத்தை, மேல்தளம் ஏற்றுவதற்கு முன் சோதனையாக நீரில் அமிழ்த்திக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 65 மீட்டர் ஆழத்தில், உருளை அறைகளுக்கு இடைப்பட்ட முக்கோணக் குழியொன்றின் சுவர் உடைந்து, நீர் உள்ளே பாய்ந்து, சற்று நேரத்துக்கெல்லாம் முழுக் கட்டுமானமும் மூழ்கிக் கழியின் அடியில் மோதித் தூள் தூளாயிற்று. உயிர்ச்சேதம் நேராதது தெய்வாதீனம். அச்சுவரைக் கணக்குக்காகச் சிறு கூறுகளாகப் பிரித்தவர்கள் பெரிது பெரிதாகவும் கோணலாகவும் பிரித்தமையால், வெட்டுத் தகைவு 47 சதவிகிதம் குறைவாக வந்திருந்தது. சுவரின் கனமும் கம்பியும் அந்தப் பொய்க்கணக்கை நம்பியே அமைந்தன. இரு முனைகளில் தாங்கப்பட்ட சுவரை நீர் சீராக அழுத்தினால், ஒவ்வொரு முனையும் பாரத்தில் பாதியை ஏற்றே தீரவேண்டும் என்பதை, கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த பையனும் பென்சிலும் காகிதமும் கொண்டு சரிபார்த்திருப்பான். விபத்துக்குப் பிறகு செம்மையாகக் கணித்தபோது, 62 மீட்டரில் சுவர் உடையும் என்று விடை வந்ததாம்! காலங்கடந்த ஞானம்.

“யந்திரம் என்ன செய்யும், தவறு இட்டவனுடையதல்லவா?” என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்: இட்டவனைச் சோதிக்க இயற்கையின் விதியைத் தவிர வேறு சாட்சி நம்மிடம் இல்லை.

அந்தச் சாட்சியை அழைக்காத வழக்கம் மிதக்கும் மேடைகளின் கணிதத்திலும் புகுந்திருக்கிறது. மேடை அசையும்போது எழும்பும் அலைகள் அதன் சக்தியைக் கொண்டுபோகின்றனவே அன்றி, கொண்டுவந்து கொடுப்பதில்லை. மிதக்கும் கலத்தின் அசைவைக் கணிக்க 1962-இல் கம்மின்ஸ் என்பவர் எழுதிய சமன்பாட்டில், கழிந்த அசைவுகளின் ஞாபகத்தைச் சுமக்கும் உறுப்பு ஒன்று உண்டு. கணக்கின் சுமை குறைய அதற்குப் பதிலாக எளியதோர் உருவத்தைப் பொருத்துகிறவர்கள், அது வரைபடப் புள்ளிகளையெல்லாம் தொட்டுச் செல்வது கண்டு பூரித்துப்போய், ஏதோவோர் அதிர்வெண்ணில் அதன் தணிப்பு எதிர்க்குறி பெற்று, சக்தியைக் கொண்டுபோவதற்குப் பதில் கொண்டுவந்து கொடுப்பதைக் கவனியாது விட்டுவிடுகிறார்கள். விளைவு, சலனமற்ற கடலிலே மேடை தானே ஊசலாடத் தொடங்கி, அவ்வூசல் நாழிகைக்கு நாழிகை வளரவும் கூடும். தீனியின்றிப் பால் சுரக்கும் காமதேனுவைக் காகிதத்தில் கட்டிவைத்துவிட்டு, புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம் என்று பெருமை பேசுகிறார்கள்.