கொடுத்து வைத்தவள்



ஆடி பிறந்துவிட்டது. முன்பெல்லாம் ஆடி முதல் தேதி, காலைக் காபி ஆறுவதற்குள் என் தோழியின் போன் வந்துவிடும். “என்னடி, பழைய மண்ணைக் கொட்டி வெயில் காட்டினியா? வேப்பம்புண்ணாக்கு கலந்தியா?” எடுத்ததும் இதுதான் கேள்வி. நலம் விசாரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான். அவள் போய் இந்தச் சித்திரையோடு இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஆடி வந்தால் கை இன்னும் போனைத்தான் தேடுகிறது.

எங்கள் நட்பு மொட்டை மாடியில் தொடங்கியது. அவள் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த புதிது. என் மாடியில் பீர்க்கங்கொடி பந்தல் நிறையப் பூத்தும் ஒரு காய் நிற்கவில்லை. பிஞ்செல்லாம் வெம்பி மஞ்சளாகி உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு அவள் வந்து பந்தலடியில் நின்றாள்.

“பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும். இந்த நேரத்துல மூணாவது மாடிக்கு எந்தப் பூச்சி ஏறி வரும்? நாமதான் செய்யணும்.”

கொத்தாகப் பூத்திருந்ததில் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்கினாள். அடியில் சிறு பிஞ்சோடு தனியாக நின்ற பெண் பூவைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் மகரந்தத்தை மெல்ல ஒற்றினாள், குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல. நான்கே நாளில் அந்தப் பிஞ்சு பசுமை மாறாமல் பருத்தது. அன்றிலிருந்து மாலை ஆறு மணி எங்கள் இருவருக்குமான நேரமாகிவிட்டது.

அவள் கடையில் விதை வாங்க மாட்டாள். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வராது. நாட்டு ரகம் என்றால் வருஷா வருஷம் நம் விதையே நமக்குப் போதும். அதனால் நேராகவும் நீளமாகவும் வந்த ஒரு காய்க்குச் சிவப்பு நூல் கட்டி விட்டுவிடுவாள். யார் கேட்டாலும் பறிக்க விட மாட்டாள். அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும். நுனி சின்ன மூடிபோலக் கழன்று வரும். கவிழ்த்தால் கறுப்பு விதைகள் பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டும். அவற்றைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, தினசரிக் காலண்டரில் அன்று கிழித்த தாளிலேயே மடித்துவிடுவாள். விதையைக் கட்டிய தேதியைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

எனக்கொரு பொட்டலம், பால்காரருக்கு ஒன்று, மாடியில் செடிப்பை வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் ஒன்று. “உனக்குன்னு மிச்சம் வச்சுக்கோயேன்” என்பேன். “என் கொடி பட்டுப்போனா உன்கிட்ட வந்து வாங்கிக்குவேன்” என்பாள்.

அவள் கடைசியாகத் தந்த பொட்டலம் மார்கழி 9ஆம் தேதித் தாள். சித்திரையில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆடியில் எனக்கு விதைக்க மனம் வரவில்லை. அவள் கை மடித்த மடிப்பைப் பிரிக்க முடியாமல் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு கட்டுரைக்காக விதை வங்கிகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் மைனஸ் 18 டிகிரி குளிரில் விதைகளைக் காக்கிறார்கள். அங்கேயும் அவ்வப்போது எடுத்து முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். முளைப்புத்திறன் குறைந்தால் விதைத்துப் புது விதை எடுத்துவிடுவார்கள். சிரியாவில் அலெப்போ அருகே இருந்த ஒரு விதை வங்கி உள்நாட்டுப் போரால் கைவிட்டுப் போனது. ஆனால், அங்கிருந்தவர்கள் தங்கள் விதைகளில் ஒரு பங்கை நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில் முன்பே கொடுத்து வைத்திருந்தார்கள். 2015இல் அதைத் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்தார்கள். 2017இல் புது விதையைக் கொண்டுபோய் அதே பெட்டகத்தில் மறுபடி வைத்தார்கள்.

என் தோழி ஒரே வரியில் சொன்னது இதைத்தானே! அவள் மாடியில் இன்று ஒரு பைகூட இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அவள் பீர்க்கு எங்காவது உயிரோடிருந்தால், அது அவள் கொடுத்த கைகளில்தான். அதில் ஒரு கை என்னுடையது. நானோ அதை மாடத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். விதைக்குள் உயிர் ஒவ்வொரு மாதமாகக் குறைந்துகொண்டிருந்தது.

போன ஆடியில் பொட்டலத்தைப் பிரித்தேன். பதினொரு விதை. இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றினேன். ஆறு நாளாகியும் ஒன்றையும் காணோம். எட்டாம் நாள் காலையில் ஒரு முளை, கறுப்பு விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி மண்ணை முட்டிக்கொண்டு வந்தது. மொத்தம் நான்கு பிழைத்தன. ஆவணியில் ஆண் பூக்கள் வந்தன. பெண் பூவுக்கு மேலும் பத்து நாள் காத்திருந்தேன். அன்று மாலை ஆறு மணிக்கு, விரல் நடுங்க ஒற்றினேன். முதல் காயின் தோலைச் சீவி, அவள் பக்குவப்படி எள் வறுத்துப் போட்டுத் துவையல் அரைத்தேன். நேராக நீண்ட ஒரு காய்க்குச் சிவப்பு நூல் கட்டினேன். கார்த்திகையில் அது கலகலத்தது. எண்ணிப் பார்த்தேன், 86 விதை.

நல்வாழ்வு வாய்த்தவரைப் பார்த்துக் ‘கொடுத்து வைத்தவர்’ என்கிறோம். கொடுப்பதும் வைப்பதும் நம் மொழியில் ஏன் இப்படி ஒன்றாக நிற்கின்றன என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குப் புரிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் போனவர் ஒருவர் தந்த விதை, பதியன், கிழங்கு ஏதாவது இருக்கும். ஞாபகம் என்று மூடி வைக்காதீர்கள். இந்த ஆடிப்பட்டத்தில் மண்ணில் போடுங்கள். விளைந்ததில் ஒரு பங்கை வேறொரு கையில் கொடுத்து வையுங்கள்.

நானும் காலண்டர் தாள்களில் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பொட்டலம் அவள் வீட்டுக்கு இப்போது குடிவந்திருக்கும் குடும்பத்துக்கு. பீர்க்கு எத்தனை மணிக்குப் பூக்கும், எப்படி ஒற்ற வேண்டும் என்பதை நானே மாடியேறிப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்