புரோக்கர் காட்டாத அடையாறு

சென்னையில் நான்கு கோடி ரூபாய்க்கு வீடு தேடுகிறவரை எந்தப் புரோக்கரும் நடக்க விடுவதில்லை. ஏ.சி. ஓடும் காரில் ஏற்றி, காலை பதினொரு மணி வாக்கில் அழைத்துப் போவார். அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பள்ளி வேன்கள் போய் முடிந்திருக்கும். தண்ணீர் லாரி இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கும். குப்பை வண்டி வந்து போயிருக்கும். தெருவோரத்தில் இரவு முழுக்க நின்ற கார்கள் அலுவலகம் போயிருக்கும். அடையாறு காந்தி நகரிலோ கஸ்தூர்பா நகரிலோ அந்த வேளையில் இறங்குகிற எவருக்கும் இது சென்னைதானா என்று ஒரு சந்தேகம் வரும். அதே தெருவைக் காலை ஐந்தரைக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை, நல்ல மழையில் ஒரு முறை நடந்து பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு பணம் போடுகிறவர்கள் காகிதத்தில் காட்டும் கவனத்துக்குக் குறைவில்லை. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, பிளான் அனுமதி, யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று வக்கீல் எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்துவிடுவார். கைமாறி வருகிற பழைய வீடானால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நான்கு கோடிக்கு 36 லட்சம் அரசுக்குப் போகிறது. அப்படிப்பட்டவர் தெருவில் செலவழிக்கிற நேரம் கார் கதவிலிருந்து வீட்டுக் கேட் வரை நடக்கிற நேரம் மட்டும்தான். வீட்டுக்குள் ஒழுகினாலும் விரிசல் விட்டாலும் ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். தெருவை அப்படிச் சரிசெய்ய முடியாது.

அடையாற்றின் தென்கரை நடந்து பார்க்கத் தோதான இடம். காந்தி நகர், நாடு விடுதலை பெற்ற கையோடு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் மனை பிரித்து உருவாக்கிய பகுதி. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். தெருக்கள் நேராக, அகலமாக இருக்கும். தூங்குமூஞ்சி மரங்கள் இரு பக்கமும் கைகோத்து நிற்கும். தெற்கே போனால் கஸ்தூர்பா நகர், அதையும் தாண்டினால் பெசன்ட் நகர், கடற்கரை. ஒரு காலைப் பொழுதில் எல்லாவற்றையும் நடந்தே முடித்துவிடலாம்.

நடக்கிறவருக்கு முதலில் படிக்கக் கிடைப்பது பெயர்ப் பலகைகள். கால்வாயை ஒட்டிய தெருவுக்கு கெனால் பேங்க் ரோடு என்று பெயர். கோட்டூர்புரத்தில் ரிவர் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இன்று ஏரி இல்லை, ஆனால் லேக் ஏரியா இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி கிடந்த நிலத்தில்தான். மழைத் தண்ணீருக்குப் பழைய முகவரி மறப்பதில்லை என்பதை அந்தப் பகுதிவாசிகள் ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகவே அறிவார்கள்.

அடையாற்றங்கரைக்கு அந்தப் பாடம் 2015 டிசம்பரில் வந்தது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கோட்டூர்புரத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலும் தண்ணீர், பல கோடி பெறுமான பங்களாவிலும் தண்ணீர். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது, வீடுகள் கைமாறியும்விட்டன. இருந்தாலும் மெதுவாக நடந்து வருகிறவர் கண்ணுக்குத் தடயங்கள் தப்பாது. ஈ.பி. மீட்டர்ப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருப்பார்கள். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது டைல்ஸ் பளபளக்கும். ஜெனரேட்டர் நாலடி உயர மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்டுக்கு உள்ளே குறுக்காக சிமென்ட்டில் ஒரு வரப்பு கட்டியிருப்பார்கள். காரில் உள்ளே போகிறவர் அதை வேகத்தடை என்று நினைத்துக்கொள்வார்.

சாலையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சென்னையின் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவிட வேண்டியிருந்தது. ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளில் அப்போது இரண்டு படி ஏறி வாசலுக்குப் போயிருப்பார்கள்; இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த இறக்கத்தை எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை.

எழுதாமல் விற்கலாமா என்று கேட்டால், சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவு. சொத்தில் இருக்கும் முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருந்து, வாங்குபவர் அறியாமல் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதிலேயே ஒரு கொக்கியும் இருக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடிய குறையை விற்பவர் சொல்ல வேண்டியதில்லை. கோட்டூர்புரத்தில் வெள்ளம் வந்தது நாடறிந்த செய்தி. “நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்க வேண்டும்” என்று விற்றவர் சொன்னால் வாதாடுவது கடினம். ஆக, வாங்குகிறவர் தெருவில் நடப்பதை வெறும் உலாத்தலாக நினைக்கக் கூடாது. அந்தச் ‘சாதாரணக் கவனம்’ அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளத்துக்கு அடுத்தபடி விசாரிக்க வேண்டியது தண்ணீர்ப் பஞ்சம். இதைப் புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. “இங்கே தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது சார்” என்பது எல்லாத் தெருவுக்கும் பொதுவான பதில். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்க வேண்டும். அவர் இருபது வருடமாக அதே மரத்தடியில் நிற்பவராக இருப்பார். “அண்ணே, இந்த பிளாட்டுல தண்ணி எப்படி?” என்று கேட்டால், “பொங்கல் வரைக்கும் போர் தண்ணியே போதும் சார், மே மாசம் ஆச்சுன்னா தினம் ரெண்டு லோடு இறங்கும்” என்று கணக்காகச் சொல்வார். யார் வீட்டில் வாடகைக்கு வந்தவர்கள் ஆறே மாதத்தில் காலி செய்தார்கள், எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் பராமரிப்புக்குச் சண்டை, எந்த வீட்டுச் சொத்து அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே வரும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே என்றும் கேட்பார்கள். 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. பல இடங்களில் மொட்டை மாடிக் குழாய் நேராகத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருப்பதை நடைபாதையில் நின்றே பார்க்கலாம்.

நடைபாதை என்றதும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தியாவிலேயே முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு தனிக் கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னை, ஆண்டு 2014. பாண்டி பஜாரில் அதன் பலனைப் பார்க்கலாம். பணக்காரக் குடியிருப்புகளில் பார்ப்பது கஷ்டம். கார் ஏறி இறங்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் சரிவு போட்டிருப்பார். முப்பதடிக்கு ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். நடுவே குரோட்டன்ஸ் தொட்டிகள், அவற்றைச் சுற்றி இரும்பு வேலி, அதையடுத்து டிரான்ஸ்பார்மர். வயதானவர்கள் வேறு வழியின்றித் தார்ச் சாலையிலேயே நடக்கிறார்கள். தள்ளுவண்டிக்காரர் நடைபாதையை மறிக்கிறார் என்று மனு எழுதுகிற குடியிருப்போர் சங்கங்கள், தங்கள் உறுப்பினர்களின் சரிவுகளை ஒரு நாள் டேப் வைத்து அளந்தால் நன்றாக இருக்கும். எல்லாச் சங்கங்களையும் குறை சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. குப்பையைப் பிரிப்பதிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதிலும் கஸ்தூர்பா நகர்வாசிகள் எடுத்துக்கொண்ட அக்கறை நகரம் அறிந்தது. ஒரு தெருவில் அப்படிப்பட்ட சங்கம் இருக்கிறதா என்பது, அங்கே ஜிம்மும் நீச்சல் குளமும் இருக்கின்றனவா என்பதைவிட முக்கியமான கேள்வி.

பக்கத்து மனையில் பழைய பங்களா இருந்தால் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாமரமும் சிவப்புத் தரையுமாக அழகாகத்தான் இருக்கும். பால்கனியிலிருந்து அதைக் காட்டித்தான் புரோக்கர் வீட்டை விற்பார். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சாலையின் அகலம் போதுமானதாக இருந்தால், மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். சாதாரண அடுக்குமாடியே 18.3 மீட்டர் வரை எழும்பலாம். இரண்டு கிரவுண்டு மனை என்றால் 9,600 சதுர அடி கட்டலாம். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம், பன்னிரண்டு கார். மாமரக் காட்சிக்குக் கொடுத்த விலை அப்போது என்னாகும்? வீட்டில் வயதான ஒருவர் மட்டும் இருக்கிறாரா, பிள்ளைகள் வெளிநாடா, கேட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். கொஞ்சம் கொடூரமான ஊகம்தான். ஆனால் பில்டர்கள் தினமும் செய்வது இதைத்தான்.

பெசன்ட் நகர் பக்கம் போனால் பார்க்க வேண்டியது வேறு. கடற்காற்றுக்குத் தப்பிய இரும்பு அங்கே கிடையாது. ஜன்னல் கிரில்லின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி நிற்கும். விரலால் தொட்டால் செதிலாக உதிரும். சன்ஷேடுக்கு அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், அந்தக் கட்டடத்துக்குச் செலவு காத்திருக்கிறது. மாலை வேளையில் எலியட்ஸ் கடற்கரைக்கு நகரமே வருகிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்குள்ள வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவுக்குக் காவி உடுத்தி, பல மைல் நடந்து வருகிறவர்களால் தெருக்கள் நிரம்பும். இதைத் தொல்லை என்று நினைக்கிறவர் வேறு இடம் பார்ப்பதே நல்லது. வீட்டுக்குத்தான் பத்திரம் உண்டு, கடற்கரைக்குக் கிடையாது.

ஆற்றின் வடகரையில் போட் கிளப் பகுதி. அங்கே காலை நடைக்கென்றே வெளியிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு. டிராக் சூட் போட்டு நடந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வேட்டி கட்டிய ஒருவர் அதே சாலையில் நிதானமாக, வீடுகளைப் பார்த்தபடி நடந்தால் இரண்டாவது கேட்டிலேயே வாட்ச்மேன் எழுந்து வருவார். இத்தகைய தெருக்களில் தினமும் அதிகம் நடப்பவர்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், டிரைவர்கள், பால் பாக்கெட் போடும் பையன்கள். தெரு எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டு வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

ஆனால் எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவரின் கால்களில் ஏற்றிவிடுவதும் நியாயமில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவை ஒழுங்காகச் சொல்லவைத்தது. வீடு விற்கும்போது அந்த மனையில் எவ்வளவு உயரம் வெள்ளம் வந்தது என்பதையும் எழுத்தில் சொல்லவைத்தால் என்ன? ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், வீடு விற்கும் தரகர் வெள்ள அபாய வரைபடத்தைக் காட்டி, அதில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று விளக்கியாக வேண்டும். அங்கே பல ஊர்களில் மின்கம்பத்திலேயே வெள்ள மட்டத்தைக் குறித்து வைக்கிறார்கள். சென்னை மாநகராட்சிக்கும் இது பெரிய வேலையில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை ஊழியர்களும் பகுதிவாசிகளும் அறிவார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு நீலக் கோடு, பக்கத்தில் ‘2015’ என்று நான்கு இலக்கம்.

எதிர்ப்பு வரும், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வரும். தன் வாசலில் நீலக் கோடு விழுந்தால் சதுர அடிக்கு எத்தனை ஆயிரம் குறையுமோ என்ற அவர்களின் கவலை பொய்யில்லை. ஆனால் அந்த விலைக் குறைவு உண்மையிலேயே இருப்பது. இப்போது அது மறைந்திருக்கிறது, அடுத்து வாங்குகிறவர் தலையில் விடிகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக மாநகராட்சி ஒரே ஒரு வார்டில் செய்து பார்க்கலாம். கோட்டூர்புரத்தில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.