கூட்டினால் 8, பெருக்கினால் 15

ஆரணியில் காலை வேளையில் நெசவாளர் தெருக்கள் வழியாகப் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி இழை சரிபார்த்துக் கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சைக்கிளை ஓரமாக ஒடித்து, இழையில் படாமல் தாண்டிப் போவார்கள். அவர்களில் சிலர் முந்தின நாள் சாயங்காலம் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர்கள். போய் உட்காருகிற ஒன்பதாம் வகுப்பில், கரும்பலகையில் இது காத்திருக்கிறது:

ம² + 8ம + 15

(புத்தகத்தில் எக்ஸ் என்றுதான் இருக்கும். எக்ஸைப் பார்த்தாலே சிலருக்கு ஜுரம் வந்துவிடுவதால் இங்கே மாறிக்கு 'ம' என்று வைத்துக்கொள்வோம்.)

இதைக் காரணிப்படுத்த வேண்டும். வழி என்ன? "கூட்டினால் 8 வரணும், பெருக்கினால் 15 வரணும். என்ன நம்பர்?" மூன்றும் ஐந்தும் என்று முதல் பெஞ்ச் கத்தும். (ம + 3)(ம + 5). முடிந்தது, அடுத்த கணக்கு. ஏன் கூட்ட வேண்டும், ஏன் பெருக்க வேண்டும், எதற்காக இதை உடைக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போர்ஷன் முடியாது.

இயற்கணிதம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போவது அது கஷ்டமாக இருப்பதால் அல்ல. காரணம் சொல்லாமல் அதை ஒரு வித்தையாகக் காட்டுவதால்தான். அந்தக் காரணமோ ஆரணி மாதிரி ஓர் ஊரில் வீட்டு முன்னறையிலேயே கிடக்கிறது.

ஒரு சாதாரணச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் இரண்டு வகை இழை உண்டு: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஊடையிலும் இரண்டு வகை: உடல் நெய்ய ஒன்று, முந்தானை நெய்ய ஒன்று. (மூன்று நாடா போட்டுக் கரையைத் தனியாக நெய்கிற கோர்வைச் சேலையை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது வேறு கணக்கு.) நெய்து முடித்து விரித்துப் பார்த்தால் எத்தனை வகைப் பரப்பு தெரியும்? நான்கு. உடல் பாவில் உடல் ஊடை ஓடினால் உடல். கரைப் பாவில் உடல் ஊடை ஓடினால் கரை. உடல் பாவில் முந்தானை ஊடை ஓடினால் முந்தானை. கரைப் பாவில் முந்தானை ஊடை ஓடினால் சேலையின் மூலை. ஐந்தாவது என்று ஒன்று வரவே வராது. நான்கில் ஒன்று குறையவும் குறையாது.

இப்போது பாவில் உடலுக்கு ம இழை, கரைக்கு 3 இழை என்று வையுங்கள். ஊடையில் உடலுக்கு ம, முந்தானைக்கு 5. மொத்தம் எத்தனை இடத்தில் இழையும் இழையும் குறுக்கிடுகின்றன? உடலில் ம², கரையில் 3ம, முந்தானையில் 5ம, மூலையில் 15. கூட்டினால் ம² + 8ம + 15. கரும்பலகையில் இருந்த அதே கோவை.

8 எங்கிருந்து வந்தது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது: கரையும் முந்தானையும் சேர்ந்த கணக்கு அது. 15 மூலை. காரணிப்படுத்துவது என்றால், நெய்து முடித்த சேலையைப் பார்த்து, பாவு என்னவாக இருந்திருக்கும், ஊடை என்னவாக இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பது. அனுபவப்பட்ட நெசவாளர் துணியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுகிற சமாச்சாரம். தமிழில் இதற்கு 'காரணி' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல பெயர். எதனால் இது உண்டானதோ அது காரணி. 'கோவை' என்ற சொல்லும் அப்படித்தான், உறுப்புகளைக் கோத்தது. இத்தனை நல்ல சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களில் அடிக்கடி காணக் கிடைக்கிற தவறு ஒன்று உண்டு: (ம + 3)² = ம² + 9. சிவப்பு மையில் சுழித்து, 'முற்றொருமையைப் படி' என்று எழுதினால் அது போகாது. உடலும் மூலையும் மட்டும் இருக்கிற சேலை அது, கரையையும் முந்தானையையும் காணோம் என்று சொன்னால் தறி வீட்டுப் பையன் சிரித்துவிடுவான். அதற்கப்புறம் அந்த 6ம-வை மறக்கமாட்டான் :-)

இதைவிட மோசமாகக் கைவிடப்படுகிற இடம் அடுத்தது. 6ம² + 17ம + 12 மாதிரி முதல் உறுப்பில் கெழு வந்துவிட்டால், "முதலையும் கடைசியையும் பெருக்கு" என்பார்கள். 6 × 12 = 72. கூட்டினால் 17, பெருக்கினால் 72. எட்டும் ஒன்பதும். சரி, முதலையும் கடைசியையும் எதற்குப் பெருக்க வேண்டும்? பொறியியல் முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முழிப்பார்கள். நான்கு பரப்பையும் ஒரு கட்டமாகப் போட்டால் விடை கிடைக்கும். (2ம + 3)(3ம + 4) என்பதில் உடல் 6ம², கரை 9ம, முந்தானை 8ம, மூலை 12. உடலை மூலையால் பெருக்கினாலும், கரையை முந்தானையால் பெருக்கினாலும் அதே நான்கு எண்கள்தான் (2, 3, 3, 4) பெருக்கலில் வருகின்றன, வரிசை மட்டும் மாறி. அதனால் 6 × 12 = 8 × 9. அவ்வளவுதான் ரகசியம். சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும்.

இன்னொரு விஷயம் வகுப்பில் சொல்லப்படுவதே இல்லை. பெரும்பாலான கோவைகள் முழு எண்களில் இப்படி உடையாது. ம² + பம + க என்று எழுதி, ப-வுக்கும் க-வுக்கும் 1 முதல் 10 வரை எல்லா எண்களையும் போட்டுப் பார்த்தால் 100 கோவைகள் கிடைக்கும். அவற்றில் உடைபவை 14 மட்டுமே. நம்பாதவர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம், ஒரு பீரியட் போதும். பயிற்சியில் வருகிற கணக்குகளோ பெரும்பாலும் உடைவதற்கென்றே சமைத்தவை. மாணவன் கண்டுபிடிக்க முடியாமல் திணறும்போது 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறான். கணக்கே அப்படி ஒன்று இல்லாததாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவனுக்கு வருவதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

உடையாதபோது என்ன செய்வது என்பதற்கு இந்த நாட்டில் ரொம்பப் பழைய விடை இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு பிரம்மகுப்தர் 628-லேயே விதி எழுதியிருக்கிறார். பிற்பாடு வந்த ஸ்ரீதரரின் தந்திரம் இன்னும் அழகு. ம² + 5ம + 3 = 0 என்பதை நான்கால் பெருக்கு: 4ம² + 20ம + 12 = 0. இருபுறமும் 13-ஐக் கூட்டினால் (2ம + 5)² = 13. ம தானாக வெளியே வந்துவிடுகிறது, பின்னமே தொடாமல். பத்தாம் வகுப்பில் காரணி முறை, வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். முதலாவது அதிர்ஷ்டம் இருந்தால் ஓடும், மற்ற இரண்டும் எப்போதும் ஓடும் என்ற ஒரு வாக்கியத்தை அழுத்திச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கும்பகோணமும் பட்டு நெய்கிற ஊர்தான். அங்கே புடவைக் கடைக் குமாஸ்தா ஒருவரின் மகன் 1902-ல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கற்றுக்கொண்டான். நாற்படிக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். அப்புறம் ஐந்தாம் படியோடு மோதித் தோற்றான். அதற்கு அப்படிப்பட்ட பொதுச் சூத்திரமே கிடையாது என்று நார்வேக்காரர் ஏபெல் 1824-லேயே நிறுவியிருந்தது அவனுக்குத் தெரியாது. ராமானுஜனே தோற்ற இடம் ஒன்று இருக்கிறது, அந்தத் தோல்வி அவருடைய குறை அல்ல என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லலாம். கடைசி பெஞ்சுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

பூச்சியத்தையும் இதே கதியாக்கி வைத்திருக்கிறோம். (ம − 3)(ம − 5) = 0 என்றால் ம = 3 அல்லது 5 என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். வலது பக்கம் 8 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ம − 3 = 8, ம − 5 = 8, ஆகவே 11, 13 என்று பாதி வகுப்பு எழுதினாலும் ஆச்சரியம் இல்லை. இரண்டைப் பெருக்கி 8 வர எத்தனையோ வழி உண்டு. பூச்சியம் வரவேண்டுமானால் இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். காரணிப்படுத்துகிற வேலைக்கே அர்த்தம் இதில்தான் இருக்கிறது. (8-க்கு உண்டான சரியான விடை 1, 7. போட்டுப் பாருங்கள்.) பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். பரவளையத்தை அழகாக வரைந்து எட்டையும் வாங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அந்த வளைவு கிடைக்கோட்டை வெட்டுகிற இடம்தான் போன வருஷம் தேடின பூச்சியங்கள் என்று தெரியும்?

ஆசிரியர்களைக் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திருப்புதல் தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டியவரிடம் போய்ச் சேலை விரித்துக் காட்டு என்று சொன்னால் அவர் கோபப்படுவது நியாயம். பயிற்சியும் வேண்டும்; நூறு கணக்கு போடாமல் கை ஓடாது, தறியிலும் அப்படித்தான். தறியில் உட்கார்ந்தவருக்கெல்லாம் இயற்கணிதம் தெரியும் என்று உருகுவதும் பொய். கேட்பது அது இல்லை. நூறு கணக்குக்கு முன்னால் அந்த இரண்டு நிமிஷம். தேவிகாபுரத்திலோ முள்ளிப்பட்டிலோ 'கணக்கு வரலைன்னா தறியில உட்காரு' என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, அந்தத் தறியிலேயே கணக்கு இருந்ததை ஒருமுறையாவது காட்டிவிட்டு அப்புறம் ஃபெயில் போடுங்கள்.

ஊர்க் கணக்கு ஒன்று. பாவின் நீளம் 18 மீட்டர். ஒரு நெசவாளர் தினம் ஒரே அளவு நெய்கிறார். நாளொன்றுக்கு அரை மீட்டர் கூடுதலாக நெய்தால் மூன்று நாள் முன்னதாக முடித்துவிடுவார், கல்யாண ஆர்டர் போலிருக்கிறது. இப்போது தினம் எவ்வளவு நெய்கிறார்? எழுதிச் சுருக்கினால் 2ம² + ம − 6 = 0. உடைத்தால் (2ம − 3)(ம + 2) = 0. ம = ஒன்றரை, அல்லது −2. ஒன்றரை மீட்டர் என்றால் 12 நாள், இரண்டு மீட்டர் என்றால் 9 நாள், சரியாக இருக்கிறது. '−2 பொருந்தாது' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டால் முழு மதிப்பெண். தினம் இரண்டு மீட்டர் நெய்ததைப் பிரித்துக்கொண்டே போகிறவரைப் பற்றிச் சமன்பாடு ஏன் பேசுகிறது என்று ஒரு பெண் கை தூக்கிக் கேட்டால், அன்றைக்கு மீதி போர்ஷன் நிற்கட்டும்.