ஒற்றையா, இரட்டையா?

மூடிய கைக்குள் விதைகளை வைத்துக்கொண்டு, “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்கும் ஆட்டத்தை அறியாத தமிழர் வீடு இராது. எளிய இவ்வாட்டத்தினுள் ஒரு சீரிய கணிதம் ஒளிந்து கிடக்கிறது. நிகழ்தகவு என்பது அதன் பெயர். அதனைத் தொடக்கப்பள்ளியிலேயே, பகடையைக் கையில் கொடுத்துக் கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. “பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சூது கற்பிப்பதா?” என்று பெற்றோர் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன்.

முதற்கண் மாணவமணிகளுக்கு ஒரு கேள்வி. இரு பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை இரட்டையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? “இரண்டும் ஒற்றை, இரண்டும் இரட்டை, ஒன்று ஒற்றை மற்றொன்று இரட்டை என வகைகள் மூன்று, அவற்றுள் இரண்டில் தொகை இரட்டை, ஆகவே மூன்றில் இரண்டு” என்பர் பலர். கேட்பதற்குச் செம்மையாகத் தோன்றினும் இது பிழை. ஒரு பகடைக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசிப் பாருங்கள். சிவப்பு ஒற்றை, நீலம் இரட்டை என்பது ஒரு வகை. சிவப்பு இரட்டை, நீலம் ஒற்றை என்பது வேறொரு வகை. ஆகச் சமவாய்ப்புள்ள வகைகள் நான்கு. 36 சோடிகளில் 18இல் தொகை இரட்டை, 18இல் ஒற்றை, சரிபாதி. பிழையாகச் சொன்ன மாணவன் நாண வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கணிதமேதை தலாம்பேர், 1754இல் தாமே பதிப்பாசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்தில், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என வாதிட்டார். அது நான்கில் மூன்று.

இனிப் பெற்றோர்களுக்கு. சம்பள நாளன்று நான்கு நம்பர் கடையின் முன் நிற்போர் யாவர் என்பதை நான் கூற வேண்டியதில்லை. கனவில் கண்ட எண், விபத்தில் நொறுங்கிய காரின் எண், இறந்தவரின் அடையாளக் கார்டு எண் எனக் கணக்குகள் பல. “மூன்று தடவையாக ஒற்றையிலேயே முடிந்துவிட்டது, இம்முறை இரட்டைதான்” என்பதும் அவற்றுள் ஒன்று. குலுக்கும் இயந்திரத்திற்கு நினைவாற்றல் இல்லை ஐயா! சென்ற வாரம் விழுந்தது இன்னதென அது அறியாது. கடைசி இலக்கம் ஒற்றையாக வர ஐந்து வழி, சுழியம் உட்பட இரட்டையாக வர ஐந்து வழி. ஒவ்வொரு முறையும் அவ்வளவே.

“நான்கு இலக்கமும் ஒற்றையாக விழுவது அரிது, கலந்த எண்ணை வாங்கு” என்பர் வேறு சிலர். அரிது என்பது உண்மை. 0000 முதல் 9999 வரையுள்ள 10,000 எண்களில் நான்கும் ஒற்றையானவை 625. நான்கும் இரட்டையானவை 625. எஞ்சிய 8,750 கலந்தவை. ஆனால், சீட்டு வாங்குபவர் 8,750 எண்களையுமா வாங்குகிறார்? 1357க்கும் 4718க்கும் முதற்பரிசு வாய்ப்பு ஒன்றே: 10,000இல் ஒன்று.

பரிசுப் பட்டியலையும் பார்ப்போம். ‘பெரிசு’ என்று ஒரு வெள்ளி கட்டினால் வழக்கமாக முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. ஒருவரே 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினாலும் திரும்பி வருவது 6,400 வெள்ளிதான். வெள்ளிக்கு 36 காசு போனது போனதே. வாரம் 10 வெள்ளி கட்டும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 520 வெள்ளி செலவு. சராசரி இழப்பு 187 வெள்ளி 20 காசு. ஒரு பிள்ளையின் காலணி, புத்தகப்பை, சீருடை எல்லாம் அதற்குள் அடங்கும்.

திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாமும் மேடைதோறும் அதனை எடுத்துரைக்கிறோம். கடை முன் வரிசை குறையவில்லை. அறிவுரையை எதிர்த்து, “ஒரு நாள் அடிக்கும்” என்று வாதாடலாம். 10,000இலிருந்து 6,400ஐக் கழிக்கும் கணக்கை எதிர்த்து வாதாட இயலாது. பகடையைப் பள்ளியில் காணாத பிள்ளை அதனைக் கடைத்தெருவில் காணும். ஆசிரியர் முன்னிலையில் நூறு முறை உருட்டிக் கட்டம் போட்டு எழுதும் பிள்ளையோ, ஒற்றை தொடர்ந்து ஐந்தாறு முறை விழுவதையும், அதற்குப் பின்னும் இரட்டை கட்டாயமில்லை என்பதையும் தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. பகடை கிடைக்காவிடில் 1 முதல் 6 வரை சீட்டில் எழுதிப் பால் டின்னிலிட்டு, ஒவ்வொன்றாக இருமுறை எடுத்துக் கூட்டலாம். முதலில் எடுத்த சீட்டை மீண்டும் உள்ளே போட மறக்கலாகாது. மறந்தால், 36இல் 18 என்றிருந்த இரட்டைத் தொகை 30இல் 12 ஆகிவிடும். ஏன் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விடையோடு வருவோரை என் அறையில் எதிர்பார்க்கிறேன்.