ஆடினால் சோறு கிடைக்குமா?

ஜெர்மனியில் ஹேண்ட்பால் ஆடியே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. (வாலிபால் என்று எண்ணிவிடாதீர்கள், இது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர்.) கும்மர்ஸ்பாக் என்று ஓர் ஊர். நம் அம்பத்தூர் ஜனத்தொகையில் கால் பங்குகூட அங்கே கிடையாது. அவ்வூர்க்காரர் ஹைனர் பிராண்ட் உள்ளூர்க் கழகத்திலேயே ஆடி, 1978-ல் உலகப் பட்டம் பெற்ற அணியில் இடம் பெற்றார். 2007-ல் பயிற்சியாளராக நின்று, மறுபடியும் அந்தப் பட்டத்தை ஜெர்மனிக்கு வாங்கித் தந்தார்.

ஆவடிக்கு வருவோம். சி.ஆர்.பி.எப். முகாமும் சிறப்புக் காவல் படையும் உள்ள ஊர். இங்கே பையன் பந்தைத் தொட்டால், "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா?" என்றுதான் தகப்பனார் கேட்பார். அவரைக் குற்றம் சொல்வானேன்? 2023-ல் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தது. ஆறு அணிகள் மோதின. மகாராஷ்டிர அணி வென்றது. தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணிகூட இல்லை! ஆகவே நம் பையனுக்குப் பந்தைவிடச் சர்ட்டிபிகேட்தான் பெரிது. அதைக் காட்டி உத்தியோகம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் மறுநாளே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போய் நிற்கிறான்.